பட்டியலில் ஏறிய முகம்

கீலுங் ரயில் நிலையத்துக்கு எதிரே, கடைகளின் முன்னால் தூண் வைத்துக் கூரை இறக்கிய நடைபாதையில், பாவ்சின் குடை விற்றுக்கொண்டிருந்தாள். தைவானின் வடகரையில், வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் துறைமுகம் அது. மடக்குக் குடை, மெல்லிய பிளாஸ்டிக் மழைச்சட்டை, நனைந்து வருகிறவர்களுக்கு மாற்றிக்கொள்ளக் காலுறை. இவ்வளவுதான் சரக்கு. எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் பரப்பி, நாலு மூலையிலும் கயிறு கட்டி வைத்திருப்பாள். போலீஸ் வருகிறது என்று குரல் கேட்டால் நாலு கயிற்றையும் சேர்த்து ஓர் இழுப்பு. பாய் மூட்டையாகிவிடும்.

தலையில் வயல்வேலைப் பெண்கள் போடுகிற மூங்கில் தொப்பி. அதைச் சுற்றிப் பூப்போட்ட துணி, கண் மட்டும் வெளியே தெரியும்படி. பார்க்கிறவர்கள் அவளை மலைப்பக்கத்திலிருந்து வந்தவள் என்று எண்ணிக்கொண்டார்கள். அப்படியே எண்ணட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். பத்தொன்பது வயதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து, இடது கன்னமும் உதட்டோரமும் கழுத்தும் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நிச்சயம் செய்திருந்த பையனின் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை ஆப்பிள் அனுப்பினார்கள். ஆப்பிள் அப்போது பணக்காரர்கள் தின்கிற பழம். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

சாய்யுன் அந்தத் தூண்களுக்கு நடுவே வந்து சேர்ந்தது, அரசாங்கம் லாட்டரிச் சீட்டை நிறுத்திய குளிர்காலத்தில். அதுவரை தைவான் முழுக்க லாட்டரி விற்றவர்களில் கண் தெரியாதவர்களும் கால் இல்லாதவர்களும்தான் அதிகம். ஒரே உத்தரவில் அத்தனை பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சாய்யுனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து வலதுகால் கொடிபோல் மெலிந்திருந்தது. இரும்புப் பட்டை கட்டி, ஒரு கட்டையை ஊன்றி நடப்பாள். பின்னால் இரண்டு சக்கரம் வைத்து மாற்றிய மோட்டார் வண்டி ஒன்று அவளிடம் இருந்தது. அதன் பின்பலகையில் கைக்குட்டையும் கொண்டை ஊசியும் கண்ணாடி வளையலும் அடுக்கிக்கொண்டு, ஒரு காலைப்பொழுதில் பாவ்சினின் தார்ப்பாயை உரசி நிறுத்தினாள்.

"ஏம்மா, உன் குடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளேன். என் வளையல் கண்ணுக்கே தெரியல."

"நான் இங்க நாலு வருஷமா உக்காந்திருக்கேன்."

"நாலு வருஷமா உக்காந்தா கால் மரத்துப்போகும். எனக்குத் தெரியும். தள்ளு."

பாவ்சின் தள்ளிக்கொண்டாள். அரைமணி நேரம் அவரவர் வியாபாரத்தைப் பார்த்தார்கள். பிறகு சாய்யுன் வெடுக்கென்று கேட்டாள்.

"மொகத்துல என்ன?"

யாருமே அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்புவார்கள். குழந்தைகளை இழுத்துக்கொண்டு போவார்கள். பாவ்சினுக்கு என்ன தோன்றியதோ, துணியை ஒரு விரலால் விலக்கிக் காட்டினாள். சாய்யுன் சாவகாசமாகப் பார்த்தாள்.

"அட, இவ்ளோதானா? மீசை இருக்குது போல, அதான் மூடி வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

பாவ்சின் சிரித்துவிட்டாள். ஒட்டிப்போன உதட்டோரத்தால் சிரித்தால் தோல் இழுத்து வலிக்கும். அன்று வலித்தது. தன்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று தெரிந்ததும், மறுநாளிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அவர்களுக்கு அடுத்த தூணில் ஜின்ஷுய் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வலது கையைத் தோளோடு விட்டுவிட்டு வந்தவர். வறுத்த நிலக்கடலை விற்பார். ஒற்றைக் கையால் தாளைச் சுருட்டிப் பொட்டலம் போடுவதை வேடிக்கை பார்க்கவே சிலர் வாங்குவார்கள். அதிகம் பேசமாட்டார். ஆனால் போலீஸ்காரர் ஹுங்கின் மோட்டார்சைக்கிளை ரெண்டு தெருவுக்கு அப்பாலேயே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். "வருது" என்று ஒரே வார்த்தை. அதற்குள் பாவ்சினின் கயிறு இழுபட்டிருக்கும். சாய்யுனின் வண்டி உறுமியிருக்கும்.

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், பாவ்சினுக்குத் தன் வாழ்க்கையில் முதலில் நினைவுக்கு வருவது மூவரும் அந்தத் தூண்களுக்கு நடுவே இருந்த இரண்டரை வருஷம்தான். மழை வலுத்து ஆளே வராத மதியங்களில் மூவரும் ஒரே தகரப் பாத்திரத்தில் மீன் உருண்டைச் சூப் வாங்கிவந்து சுற்றி உட்கார்ந்து குடிப்பார்கள். ஜின்ஷுய்க்குக் கிண்ணத்தைப் பிடிக்கக் கை போதாது என்று சாய்யுன் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டே அவர் பங்கில் ஓர் உருண்டையைத் தின்றுவிடுவாள். "அண்ணே, உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு, பாத்துக்க மாட்டீங்களா?" என்பாள். துறைமுகத்தில் கப்பல் ஊதும். கூரையிலிருந்து வழிகிற தண்ணீர் தெருவுக்கும் அவர்களுக்கும் நடுவே திரைபோலத் தொங்கும். அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும்போது மட்டும் பாவ்சின் துணியை மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வாள்.

பிடிபடாமல் இருந்தார்கள் என்று சொல்லமுடியாது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஹுங்கிடம் மாட்டுவார்கள். தெருவில் விற்பது எல்லோருக்கும் குற்றம்தான். ஆனால் சாய்யுனிடமும் ஜின்ஷுய்யிடமும் ஊனமுற்றோர் அட்டை இருந்தது. ஹுங் அதை வாங்கிப் புரட்டிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், "இன்னிக்கி போங்க, நாளைக்கி கண்ணுல படாதீங்க" என்று திருப்பிக் கொடுப்பார். பாவ்சினிடம் வந்தால் கதை வேறு.

"உனக்கென்னம்மா? ரெண்டு கை, ரெண்டு காலு. மூட்டையத் தூக்கிட்டு என்னைவிட வேகமா ஓடுற."

"சார், அவ மொகத்தைப் பாத்தீங்களா?" என்றாள் சாய்யுன் ஒருநாள். "அவளை எந்தக் கடையில வேலைக்கு வைக்கிறாங்க? தட்டு கழுவக்கூட வைக்கல. வாடிக்கையாளருங்க பயப்படுறாங்களாம். மொகமும் உடம்புலதானே சார் இருக்கு?"

ஹுங் கெட்டவர் இல்லை. கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"அட்டை குடுக்குற பட்டியல்ல கண்ணு இருக்கு, காது இருக்கு, கை கால் இருக்கு. மொகம் இல்லியே. நான் என்ன பண்றது?"

அன்றைக்கு எல்லாக் குடையையும் பறிமுதல் செய்தார். முப்பது குடையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அவர் தெருவைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு குடையையும் விரிக்கக் கை காலியாக இல்லை. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்ட அவர் ஓடுவதைப் பார்த்து சாய்யுன் வண்டியில் உட்கார்ந்தபடியே கத்தினாள்: "சார்! ஒண்ணு வாங்கிக்கிறீங்களா? உங்களுக்குன்னா கொறச்சுத் தர்றோம்!" ஜின்ஷுய் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். பாவ்சினுக்கு மட்டும் அன்று சிரிப்பு வரவில்லை. குடை இல்லாத தார்ப்பாயைப் பார்த்தபடி தூணில் சாய்ந்து நின்றாள்.

லாட்டரி போன கோபத்தில் தைபேயில் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. சக்கர நாற்காலிக்காரர்களும் கண் தெரியாதவர்களும் சேர்ந்து ஊர்வலம் போவார்கள். சாய்யுன் ஒன்றையும் தவறவிடமாட்டாள். வண்டியை ரயில் நிலையத்தில் பூட்டிவிட்டுப் போவாள். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு வருவாள். "நீயும் வாயேன்டி" என்பாள். பாவ்சின் போகமாட்டாள். அங்கே படம் எடுப்பவர்கள் இருப்பார்கள்.

1990-இல் ஒரு நாள். தைபேயிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கிய சாய்யுன், வண்டியின் ஒலிப்பானை விடாமல் அடித்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள்.

"அடியே! உன் மொகம் சட்டத்துல ஏறிடுச்சுடி!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாவ்சினுக்கு முதுகு கூசியது.

"மெதுவா பேசுங்கக்கா."

"என்னத்துக்கு மெதுவா? சட்டத்தைத் திருத்திட்டாங்க. பட்டியல்ல புதுசா சேத்திருக்காங்க. மொகம் வெந்தவங்க, அடிபட்டவங்க எல்லாரும் உண்டு. டாக்டரு பாத்து எழுதிக் குடுத்தா உனக்கும் அட்டை. இன்னொண்ணு கேளு. அரசாங்க இடத்துல கட்டுற கடையில நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் முதல் உரிமை. துறைமுகத்து ஓரமா கூரை போட்டு ஒரு சந்தை கட்டுறாங்கல்ல? அதுல கொஞ்சம் கடை நமக்குன்னு ஒதுக்கியாச்சு. மாசக் கடைசிக்குள்ள எழுதிப் போடணும்."

"என்ன வேணும் அதுக்கு?"

"அட்டை வேணும். அட்டைக்கு டாக்டரு காயிதம். ரெண்டு போட்டோ." சாய்யுன் ஒரு கணம் தயங்கினாள். "துணி இல்லாம."

பாவ்சின் குடைகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள். ஏற்கெனவே ஒழுங்காக இருந்தவற்றை.

"எனக்கு வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"அட்டையும் வேண்டாம், கடையும் வேண்டாம்."

"பைத்தியமாடி உனக்கு? ரெண்டு வருஷமா கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சு எனக்கு. யாருக்காகக் கத்துனேன்? எனக்குத்தான் ஏற்கெனவே அட்டை இருக்கே!"

"நான் கத்தச் சொன்னேனா?" பாவ்சினின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "உங்க கால யாரும் படம் புடிச்சு அட்டையில ஒட்டல. என் மொகத்தை ஒரு டாக்டரு அளந்து பாத்து, இது கெட்டுப்போச்சுன்னு முத்திரை குத்தணும். அதை நான் பையில வச்சுக்கிட்டு, கேக்குறவன் கிட்டெல்லாம் எடுத்து நீட்டணும். அதானே?"

சாய்யுன் வண்டியை மறுபடி கிளப்பினாள். திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் கோயில் வாசல் பக்கம் கடை போட்டாள். அதற்கடுத்த நாளும் வரவில்லை. நடுவில் காலியாக இருந்த இடத்தை ஜின்ஷுய் பார்ப்பார், கடலையைக் கிளறுவார், மறுபடி பார்ப்பார். ஏழாம் நாள் அவர் வாய் திறந்தார்.

"சுரங்கத்துல கை போனப்ப, அதைப் பத்திக் காயிதம் எழுத வந்தவன் என்னைக் கேட்டான், இடதா வலதான்னு. எதிர்ல நின்னு பாத்துக்கிட்டே கேட்டான். எனக்கும் அப்ப அவனை அடிக்கணும்போல இருந்துச்சு." அதோடு நிறுத்திக்கொண்டார்.

பாவ்சினின் வீடு மலைச்சரிவில் இருந்தது. கீலுங்கில் பாதிப் பேருக்கு வீடு அப்படித்தான். தெரு முடிகிற இடத்தில் படிக்கட்டு ஆரம்பிக்கும். அவள் வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. பக்கத்தில் பிடிமானம் இல்லை, பாசி வேறு. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப்போட இடம் பார்க்க வெளியே வந்தவள், படிக்கட்டில் யாரோ மூச்சிரைக்கிற சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தாள்.

சாய்யுன் படிகளில் உட்கார்ந்து, முதுகுப்புறமாக, கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாகத் தன்னைத் தூக்கித் தூக்கி மேலே வந்துகொண்டிருந்தாள். ஊன்றுகட்டையை முதுகில் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். தூறலில் தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. உள்ளங்கை இரண்டும் பச்சையாகப் பாசி.

பாவ்சின் ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்தாள்.

"தொடாதே. இன்னும் ஒம்பதுதான் இருக்கு. எண்ணிக்கிட்டு வர்றேன், கெடுத்துடாதே."

"எதுக்குக்கா இதெல்லாம்? சொல்லியனுப்பினா நான் வந்திருப்பேன்ல?"

"வந்திருக்க மாட்டே." கடைசிப் படியில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "உன் வீட்டுக்கு வர்றதுக்கும் ஒரு சட்டம் போடச் சொல்லணும்டி. அடுத்த ஊர்வலத்துல சொல்றேன்."

பாவ்சின் அவளை உள்ளே கூட்டிப்போய்த் தலை துவட்டினாள். இஞ்சி தட்டிப்போட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொதிக்கவைத்தாள். சாய்யுன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இதுவரை அவள் பேசிக் கேட்டிராத குரலில் பேசினாள்.

"நான் உன் இடத்துல இல்லை. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரியல. மன்னிச்சுக்கோ. அட்டை வாங்கு, வாங்காம இரு. ஆனா குடையை எல்லாம் தூக்கிக் குடுத்துட்டு நீ அந்தத் தூண்ல சாஞ்சு நிப்பே பாரு, அதை என்னால பாக்க முடியலடி. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பாவ்சின் காலியான கோப்பையை வாங்கி வைத்தாள். பிறகு, "கீழே எப்படி இறங்குவீங்க?" என்று கேட்டாள்.

"அதை யோசிக்கல."

அவளை முதுகில் சுமந்துகொண்டு நூற்றுப் பன்னிரண்டு படியும் பாவ்சின்தான் இறங்கினாள். பாதிவழியில், காதுக்குப் பக்கத்தில் இருந்த தலையிடம் சொன்னாள்: "நாளைக்கு போட்டோக்காரன்கிட்ட நீங்களும் வரணும்."

படம் எடுப்பவர் வயதானவர். கல்யாணப் படங்கள் எடுத்தே பழகியவர். பாவ்சின் தொப்பியையும் துணியையும் கழற்றியதும் ஒரு விநாடி தடுமாறி, உடனே அவள் தோளைப் பிடித்து வலதுபக்கமாகத் திருப்பினார்.

"இப்படி லேசா சாஞ்சு உக்காருங்க. ஒண்ணும் தெரியாது. அழகா வரும்."

"தெரியணும். அதுக்குத்தான் எடுக்குறது" என்றாள் பாவ்சின், நேராகத் திரும்பி உட்கார்ந்து.

விளக்கு எரிந்தது. முகம் முழுவதும் சூடு பட்டதும் அவள் கை துணியைத் தேடியது. மூலையில் முக்காலியில் இருந்த சாய்யுன் போட்டோக்காரரைக் கேட்டாள்: "ஐயா, இவளுக்கு எடுத்து முடிச்சதும் என் காலை எடுப்பீங்களா? கல்யாணத் தரகர்கிட்ட குடுக்கணும்." பெரியவர் பொத்தானை அழுத்தியபோது பாவ்சின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இளைஞர். அளவுகோலை வைத்துத் தழும்பை அளந்து எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்துவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு டாக்டர் அதைக் கேட்டது அதுதான் முதல்முறை. சிரிக்கும்போது மட்டும் என்றாள்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் மூவருமாகப் போய் விண்ணப்பம் கொடுத்தார்கள். ஒதுக்கிய கடை பத்து. எழுதிப்போட்டவர்கள் முப்பதுக்கு மேல். குலுக்கல் என்று சொன்னார்கள். ஒரு சிவப்புப் பெட்டியில் கையை விட்டு ஆளுக்கொரு காகிதம் எடுக்கவேண்டும். ஜின்ஷுய் எடுத்தார்: ஏழாம் எண் கடை. பாவ்சின் எடுத்தாள்: நான்கு. சாய்யுன் எடுத்த காகிதம் வெறுமையாக இருந்தது. முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷம் ஊருக்கெல்லாம் சீட்டு வித்தேன்" என்றாள். "எனக்குன்னு ஒரு சீட்டு எடுத்தேன், பாரு லட்சணத்தை!" சத்தமாகச் சிரித்தாள். வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். பாவ்சின் தன் சீட்டை அவளிடம் நீட்டினாள். அவள் கையைத் தட்டிவிட்டாள். "அதுல உன் பேரை எழுதிட்டாங்கடி. நாம சண்டை போட்டு வாங்கினது அதுக்குத்தானே!"

கடை அவரவர் பேரில் அவரவரே நடத்தவேண்டும், வேறு யாரும் உட்காரக்கூடாது என்பது விதி. ஆகையால் சாய்யுன் நாலாம் எண் கடைக்கு வாடிக்கைக்காரியாக வந்தாள். காலையில் வந்து ஒரு குடையை எடுத்து விரித்து, கம்பியை ஆராய்ந்து, பேரம் பேச ஆரம்பிப்பாள். சாயந்திரம்வரை பேரம் படியாது. அவளுடைய வளையல்கள் பாவ்சினின் காலுறைகளுக்கு நடுவே விற்பனையாகிக்கொண்டிருக்கும். மேற்பார்வைக்கு வரும் பெண் அதிகாரி ஒன்பது வருஷத்தில் ஒருமுறைதான் கேட்டாள்.

"இந்தம்மா இன்னுமா வாங்கல?"

"நிறம் புடிக்கலயாம்" என்றாள் பாவ்சின். அதிகாரி குறிப்பேட்டை மூடிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள். அந்தக் கடையில் இருக்கும்போது எந்த வருஷத்தில் தன் துணி தலையிலிருந்து தோளுக்கு இறங்கியது, எப்போது வீட்டிலேயே தங்கிவிட்டது என்று பாவ்சினுக்கு நினைவில்லை.

பிறகு லாட்டரி திரும்பி வந்தது. இந்தத் தடவை, விற்கும் உரிமையில் அட்டை வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை என்று எழுதியே கொடுத்தார்கள். சாய்யுனுக்கு அது கிடைத்தது. கிழக்குக் கரையில் இருக்கும் ஹுவாலியனில் அவள் தம்பி வீட்டுக்கு முன்னால் கடை வைக்க இடம் இருந்தது. அவள் மூன்று சக்கர வண்டியை ஜின்ஷுய் ரயிலில் ஏற்றி அனுப்பினார். இரண்டு வருஷம் கழித்து நுரையீரலில் கரித்தூள் அடைத்து அவர் இறந்துபோனார்.

போன இலையுதிர் காலத்தில் பாவ்சின் ஹுவாலியனுக்குப் போனாள். கண்ணாடிக் கதவு போட்ட கடை. வாசலில் சாய்வுப் பாதை. சுவரில் மரச்சட்டத்துக்குள் லாட்டரி உரிமம். கட்டையை ஊன்றி ஊன்றிச் சாய்யுனுக்குத் தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. இப்போது சக்கர நாற்காலிதான். தேநீர் ஊற்றினாள். குடித்துக்கொண்டே இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி வாசலைப் பாக்குறே?"

"நீங்க என்ன பாக்குறீங்க?"

"பழக்கதோசம். ஒக்காந்தா தெருவைத்தான் பாக்கத் தோணுது." சாய்யுன் கோப்பையை வைத்தாள். "இங்க யாரும் வந்து எழுந்திரிங்கறதில்ல. நிம்மதியாத்தான் இருக்கு. ஆனா இங்க பக்கத்துத் தூணு ஆளுன்னு யாரும் இல்லடி."

"திரும்ப அங்க போய் உக்காரச் சொன்னா உக்காருவீங்களா?"

"சீ, போ. குளிரு." கொஞ்சம் யோசித்தாள். "அண்ணன் இருந்தா உக்காரலாம்."

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாவ்சின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். கூழாங்கல் கரைக்குச் சற்று முன்னால் பாதை முடிந்தது. அதற்குமேல் சக்கரம் போகாது. அங்கேயே நிறுத்திக்கொண்டு, எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கியபடி, இரண்டு பேரும் அலையைப் பார்த்துக்கொண்டு ஜின்ஷுய்யைப் பற்றிச் சாயந்திரம்வரை பேசினார்கள்.